எண்பத்தாறும் என் கையெழுத்தும்

பிப்ரவரி 11

இன்று காலை மருமகள் எடை பார்த்தாள். அறுபதே முக்கால். ஐம்பத்தொன்பதுக்குள் வந்தால்தான் அவளுடைய பிரிவில் மேடை ஏற முடியும். "மாமா, இந்த முக்காலையும் சேர்த்து எழுதி வைங்க. நாளைக்கு நானே என்னை ஏமாத்திக்கக் கூடாது" என்றாள். எழுதிவிட்டேன். முக்கால் என்பதை எழுத்தால் எழுதினேன். எண்ணாலும் போடத் தெரியும். எழுத்தால் எழுதினால் கூடக் கொஞ்ச நேரம் ஆகும். அந்தக் கொஞ்ச நேரம் எனக்குப் பிடித்திருக்கிறது.

நான் மூட்டை தூக்கிய ஆள். கிடங்கில் இறக்கிய சாக்குகளின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே முதுகு வளைந்துவிட்டது. கூலி வாங்கக் கட்டைவிரல் போதுமானதாக இருந்தது. போன வருஷம் மருமகள் மறுபடி பளு தூக்கப் போனாள். பேத்தியைத் தூக்கிக்கொண்டு நானும் கூடவே ஸ்டேடியத்துக்குப் போக ஆரம்பித்தேன். அங்கே நீச்சல் குளத்தில் டிக்கெட் கிழிக்கிற அம்மா, குளம் மூடியிருக்கும் மதிய நேரத்தில், கூட்டிப் பெருக்குகிறவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். "சும்மா உக்காந்து ஈ ஓட்டுறதுக்குப் பதிலா நீங்களும் வாங்க" என்றார். போனேன். இப்போது இந்த நோட்டில் பாதி முடித்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை, இங்கே மட்டும் சொல்கிறேன் — ஒரு பக்கம் எழுதி முடித்ததும் அதைத் தூர வைத்து, தலையைச் சாய்த்துப் பார்ப்பேன். நான் எழுதியதா என்று இருக்கும்.

பிப்ரவரி 14

மகன் போன் செய்தான். அவன் இருப்பது தூரத்து ஊரில், கிரேன் ஓட்டுகிறான். பேத்தி வண்டு (பெயர் வேறு; எல்லாவற்றையும் குடைவதால் வண்டு) போனில் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு என் தோளில் ஒளிந்துகொண்டாள். அவன் முகம் விழுந்துவிட்டது.

பிறகு மருமகளிடம் சொன்னான். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"இந்த ஒரு போட்டி. முதல் ரெண்டு இடத்துக்குள்ள வந்தா பயிற்சி முகாமுக்குப் போ. நான் வாயே தொறக்க மாட்டேன். வரலன்னா எல்லாரும் இங்க வந்துடணும். அப்பாவும்தான். எம்புள்ளைக்கு நான் யாருன்னே தெரியல."

"சரி" என்றாள் அவள். ஒரே சொல்.

அவன் சொன்னதில் என்ன தப்பு? எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் சொன்னதிலும் தப்பில்லை. இரண்டு பக்கமும் சரியாக இருந்தால் நடுவில் இருப்பவன் என்ன செய்வான்? எழுதுவான்.

பிப்ரவரி 17

அறுபது. காலையிலிருந்து யாரோடும் பேச்சில்லை. பசி வாயைக் கட்டிவிட்டது.

பிப்ரவரி 20

பளுதூக்கும் அறை, பார்வையாளர் படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது. படி சரிவாக இறங்குவதால் கூரையும் சரிவு. வாசலில் குனிய வேண்டும். மைதானத்துப் பக்கம் மட்டும்தான் நிமிரலாம். மேடைப் பலகையை அங்கே போட்டிருக்கிறார்கள். கம்பியைத் தலைக்கு மேல் தூக்கி நிறுத்தினால் அதன் எடைத் தட்டுக்கும் கூரைக்கும் நடுவே ஒரு கை வைக்கலாம், அவ்வளவுதான். "கடவுளே பாத்து இந்த ஊருல குட்டையானவங்களுக்கு மட்டும்தான் பலத்தக் கொடுத்திருக்காரு" என்பார் பயிற்சி கொடுக்கிற மாஸ்டர். அலுவலக நடைவழிச் சுவரில் இங்கிருந்து பெரிய போட்டிகளுக்குப் போனவர்களின் படம் மாட்டியிருக்கிறது. எல்லாரும் ஓடினவர்கள், தாண்டினவர்கள். கம்பி பிடித்தவர் ஒருவரும் இல்லை. மாஸ்டர் அந்தச் சுவரைக் கடக்கும்போது மட்டும் கைபேசியைப் பார்த்துக்கொண்டே நடப்பார்.

இன்று அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். உதவி மாஸ்டருக்கு அம்மை போட்டுவிட்டதாம். போட்டி இந்த முறை நம் ஸ்டேடியத்திலேயே நடக்கிறது. மாஸ்டர் உள்ளே மருமகளோடு இருந்து அவளைத் தயார் செய்ய வேண்டும். வெளியே, மேடைக்குப் பக்கத்து மேசையில், நம் ஆள் ஒருவர் அட்டையோடு நிற்க வேண்டும். அடுத்து எத்தனை கிலோ தூக்கப் போகிறாள் என்பதை அந்த அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். தூக்குவதற்குக் கூப்பிட்ட பிறகும் எண்ணை மாற்றலாம். ஆனால் எச்சரிக்கை மணி அடிப்பதற்குள் மாற்ற வேண்டும்.

என்னைப் பார்த்தார். "பெரியவரே, நம்பர் எழுதுவீங்கல்ல?"

"எழுதுவேன்."

"கையெழுத்து?"

இந்த எழுபது வயதில் என்னை இப்படி ஒருத்தர் கேட்பது இதுதான் முதல் தடவை. "போடுவேன் மாஸ்டர்" என்றேன்.

மருமகள் கம்பி வழுக்காமலிருக்கக் கைக்கு வெள்ளைப் பொடி தேய்த்துக்கொண்டே சிரித்தாள். இந்த மாதம் அவள் சிரித்தது அப்போது மட்டும்தான்.

பிப்ரவரி 21

கையெழுத்துப் பழகினேன். அப்பா பெயரின் முதல் எழுத்து, ஒரு புள்ளி, பிறகு என் பெயர் முழுதும். கடைசி எழுத்தின் வாலை மேலே வளைத்து விடுகிறேன். நன்றாக இருக்கிறது. ஒரு பக்கம் நிறைய.

டிக்கெட் டீச்சர் எட்டிப் பார்த்தார். "எதுக்கு இவ்வளவு அழகா? கோழி கிளறுன மாதிரி ஒரு இழுப்பு இழுத்தாப் போதும். ஊரே அப்படித்தான் போடுது."

"கோழி கிளறுறதுக்கா டீச்சர் ஒரு வருஷம் படிச்சேன்? அதுக்கு என் கட்டைவிரலே போதுமே."

அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

பிப்ரவரி 24

வீட்டில் வாய் திறக்கவே பயமாக இருக்கிறது. மருமகளுக்கு இடது மணிக்கட்டு வலி. வண்டு சோறு உண்ணும்போது தட்டைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அந்தத் தட்டில் இருப்பது எதையும் அவள் அம்மா தொட முடியாது. "மாமா, அவளத் தூக்கிட்டு வெளிய போங்களேன்" என்று கத்திவிட்டாள். போனோம். திரும்பி வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. "ஏன் மாமா என்னத் திட்ட மாட்டேங்கிறீங்க" என்றாள்.

சாயங்காலம் அறையில், அவளுடைய இடுப்பு கொஞ்சம் முன்னால் போகிறது என்று மாஸ்டரிடம் சொன்னேன். மூட்டை தூக்கின அனுபவம் இருக்கிறதே.

"பெரியவரே, மூட்டை உங்க முதுகுல வந்து உக்காரும். இது போய்த் தூக்கணும். நீங்க கார்டப் பாருங்க."

அதுவும் சரிதான். என் மூட்டையை எப்போதும் இரண்டு பேர் பிடித்துத்தான் முதுகில் ஏற்றிவிட்டார்கள்.

பிப்ரவரி 26

ஐம்பத்தொன்பது, இருநூறு கிராம். நாளைக் காலையில் எடை பார்ப்பார்கள். மழைக்கோட்டு போட்டுக்கொண்டு ஓடுகளத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். வெயில். ஓட்டக்காரப் பையன்கள் கிண்டல் செய்யக்கூட மறந்து நின்றார்கள். பிறகு நிழலில் உட்கார்ந்து காகிதக் கோப்பையில் எச்சில் துப்பிக்கொண்டே இருந்தாள். எச்சிலும் எடைதானாம். வண்டுவும் பக்கத்தில் உட்கார்ந்து துப்பினாள்.

பேனாவில் மை பார்த்துவிட்டேன். இருக்கிறது. இன்னொரு பேனாவும் சட்டைப்பையில்.

பிப்ரவரி 27, காலை

ஐம்பத்தெட்டு, தொள்ளாயிரத்து ஐம்பது. உள்ளே வந்துவிட்டாள். ஒரு பாட்டில் தண்ணீரை நின்றபடியே குடித்தாள். கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு போகிறேன். என் பெயரை அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஓர் எழுத்துகூடத் தப்பில்லை.

பிப்ரவரி 27, மாலை

எழுத முடியவில்லை.

பிப்ரவரி 28, காலை

எழுதித்தான் ஆக வேண்டும். இன்று பிற்பகல் என்னைக் கூப்பிட்டுக் கேட்கப் போகிறார்கள். அதற்குள் நடந்ததை நடந்தபடி இங்கே வைத்துவிடுகிறேன். பிறகு என் மனதே மாற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடலாம்.

பளு தூக்குவதில் இரண்டு வகை. ஒன்று, தரையிலிருந்து ஒரே மூச்சில் தலைக்கு மேலே. இன்னொன்று, முதலில் மார்பில் வாங்கி நிறுத்தி, பிறகு மேலே தள்ளுவது. இரண்டிலும் மூன்று மூன்று வாய்ப்பு. முதல் வகை நன்றாகப் போனது. ஒவ்வொரு முறையும் மாஸ்டர் உள்ளேயிருந்து எண்ணைச் சொல்ல, நான் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அவசரம் ஏதும் இல்லை, நேரம் நிறைய இருந்தது. மேசையில் ஒரு இளம் பெண். கண்ணாடி போட்டிருந்தாள். முதல் அட்டையை வாங்கியதும், "உங்க கையெழுத்து அச்சு மாதிரி இருக்கு தாத்தா" என்றாள். அந்தச் சொல் எனக்குத் தலைக்கேறிவிட்டது. வேறு எதைக் குறை சொல்ல?

இரண்டாவது வகை. முதல் இடம் ஒருத்திக்கு என்று முன்பே தெரிந்துவிட்டது. இரண்டாம் இடத்துக்கு நம் பெண்ணும் பச்சைச் சட்டைக்காரி ஒருத்தியும். நம் பெண் எண்பத்து நாலு தூக்கிவிட்டாள். கடைசி வாய்ப்புக்கு எண்பத்தெட்டு என்று முன்பே எழுதி வைத்திருந்தோம். பச்சைச் சட்டைக்காரி எண்பத்தாறுக்கு வந்தாள். தோளுக்கு வந்தது, மேலே போகவில்லை. போட்டுவிட்டாள். அவளுக்கு அதோடு முடிந்தது. இனி நம் பெண் எண்பத்தாறு தூக்கினாலே இரண்டாம் இடம். கம்பியிலும் எண்பத்தாறுதான் இருக்கிறது.

நம் பெண்ணின் பெயரைக் கூப்பிட்டார்கள். கடிகாரம் ஓடத் தொடங்கியது. மாஸ்டர் திரைக்குள்ளிருந்து தலையை நீட்டினார். "எண்பத்தாறு. மாத்துங்க. எண்பத்தாறு பெரியவரே."

எழுதினேன். 86. தெளிவாக. பிறகு கையெழுத்து. அப்பாவின் எழுத்து, புள்ளி. என் பெயர்.

"சீக்கிரம் தாத்தா" என்றாள் அந்தப் பெண்.

"இதோ ஆச்சும்மா."

"சுருக்கிப் போடுங்க தாத்தா, போதும்."

காதில் விழுந்தது. நிச்சயமாக விழுந்தது. ஆனால் கை நடு எழுத்தில் இருந்தது. பாதி எழுத்தில் எப்படி நிறுத்துவது? அந்த நேரத்தில் உலகத்திலேயே முக்கியமானது அந்த எழுத்தை முடிப்பதுதான் என்பது போல — அப்படித்தான் இருந்தது. கூட்டம், கடிகாரம், எதுவும் இல்லை. மேசை, அட்டை, என் பேனா.

கடைசி எழுத்தின் வாலை வளைத்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது.

அந்தப் பெண் நீட்டியிருந்த கையை மெதுவாகப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "முடிஞ்சிடுச்சு தாத்தா. இனி வாங்க முடியாது."

தட்டுகளை மாற்றினார்கள். எண்பத்தெட்டு. மருமகள் மேடைக்கு வந்து கம்பியைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாலே அவளுக்கு எடை தெரியும். ஒரு நொடி என் பக்கம் திரும்பினாள். நான் கையில் அட்டையோடு நின்றேன்.

மார்பில் வாங்கினாள். எழுந்தாள். முகம் கறுத்தது. மேலே தள்ளினாள். வலது கை நிமிர்ந்தது. இடது முழங்கை மடங்கியது. அந்த மணிக்கட்டுதான்.

நடுவர்களின் மூன்று விளக்கும் சிவப்பு.

ஒரு கிலோவில் மூன்றாம் இடம். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். தாழி தானாக உடையவில்லை. நான் உடைத்தேன்.

மாஸ்டர் மேசைக்கு ஓடிவந்து சண்டை போட்டார். எண் மணிக்கு முன்பே எழுதியாகிவிட்டது, இந்தப் பெண் வேண்டுமென்றே வாங்கவில்லை என்று. அவள், "சார், அவர் கொடுக்கவே இல்ல சார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னாள். மாஸ்டர் முறையீடு எழுதிக் கொடுத்துவிட்டார். பிறகு என்னைத் தனியே அழைத்துப் போனார்.

"பெரியவரே, நாளைக்கு உங்களக் கேப்பாங்க. பெல்லுக்கு முன்னாடியே கார்டை நீட்டினேன், அவதான் வாங்கலன்னு சொல்லுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன். கம்பியை மறுபடி தூக்க விடுவாங்க. இல்ல, ரெண்டாம் இடத்தையே கொடுப்பாங்க. உங்க மருமகளோட வாழ்க்கை இது."

"அந்தப் பொண்ணுக்கு என்ன ஆகும்?"

"ஒரு வருஷம் மேசையில உக்கார விட மாட்டாங்க. செத்தா போயிடுவா?"

அவர் கெட்டவர் இல்லை. அந்தப் படச் சுவரைக் கடந்து எத்தனை வருஷம் நடந்திருப்பார்.

இன்று காலை மருமகளிடம் கேட்டேன். வண்டுவுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள்.

"நீ சொல்லும்மா. நீ எதைச் சொல்லுறியோ அதைச் சொல்லுறேன்."

சீப்பு நின்றது. "என்னைக் கேக்காதீங்க மாமா."

"உன்னைக் கேக்காம யாரைக் கேப்பேன்?"

"கேட்டா பொய் சொல்லுங்கன்னுதான் சொல்வேன். அதனாலதான் கேக்காதீங்கன்னு சொல்றேன்."

திரும்பிச் சீவ ஆரம்பித்தாள். வண்டு வலிக்கிறது என்று அழுதது.

பிப்ரவரி 28, மாலை

நீச்சல் குள அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுத்துப் படித்த அதே அறை. பலகையில் டீச்சர் எழுதிய எழுத்துகள் பாதி அழிந்து கிடந்தன. தலைமை நடுவர், இன்னும் இரண்டு பேர். மூலையில் அந்தக் கண்ணாடிப் பெண். மாஸ்டர் கதவருகே.

தலைமை நடுவர் மரியாதையானவர். "ஐயா, நீங்க வாயால சொல்லுங்க, நான் எழுதிக்கறேன். கீழ ஒரு கைநாட்டு வெச்சாப் போதும்."

"நானே எழுதுவேன்" என்றேன்.

காகிதம் கொடுத்தார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை. எத்தனையோ நாள் கனவு கண்டிருக்கிறேன், ஒருநாள் என் கையால் எழுதிய காகிதம் பெரியவர்கள் கைக்குப் போக வேண்டும், அவர்கள் அதைப் படிக்க வேண்டும் என்று. அது இந்தக் காகிதமா?

மாஸ்டரைப் பார்த்தேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மனதில் ஒரு கணக்கு ஓடியது: மருமகள் எச்சில் துப்பியது, மழைக்கோட்டு, சிவந்த கண். இன்னொரு பக்கம், யாரென்றே தெரியாத ஒரு பெண். எந்தப் பக்கம் கனம் என்று எனக்கா தெரியாது? ஆனால் அவள் இரண்டு தடவை சொன்னாளே. சீக்கிரம் என்று. சுருக்கிப் போடுங்கள் என்று. அதை நான் எழுதாமல் விட்டால் அது நடக்காததாகிவிடுமா?

இப்படி எழுதினேன்:

மணி அடித்தபோது அட்டை என் கையில் இருந்தது. என் பெயரை எழுதிக்கொண்டிருந்தேன். முடிக்கவில்லை. இந்தப் பெண் இரண்டு தடவை சீக்கிரம் என்று சொன்னது.

தலைமை நடுவர் படித்தார். சத்தமாகவே படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் மூலையில் இருந்த பெண் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கையெழுத்துப் போடுங்க ஐயா."

போட்டேன். அதே கையெழுத்து. அதே வால்.

மாஸ்டர் வெளியே போகும்போது கதவை மெதுவாகச் சாத்தினார். அறைந்து சாத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் 2

மருமகள் என்னோடு நேராகப் பேசுவதில்லை. எல்லாம் வண்டு வழியாக. "தாத்தாவச் சாப்பிட வரச் சொல்லு." "தாத்தாகிட்ட சட்டை காஞ்சிடுச்சான்னு கேளு." வண்டுவுக்கு இது விளையாட்டு. "தாத்தா, சட்டை சாப்பிட வா" என்கிறது. முன்பென்றால் மூன்று பேரும் சிரித்திருப்போம்.

சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. முன்பைவிட நன்றாகவே போடுகிறாள். அதுதான் தொண்டையில் நிற்கிறது.

மார்ச் 3

மகனுக்கு எல்லாம் தெரியும். "சரிப்பா, விடுங்க" என்றான். சனிக்கிழமை வருகிறான். ஞாயிறு மாலை பஸ்ஸுக்கு எல்லாருக்கும் டிக்கெட் போட்டுவிட்டானாம்.

மார்ச் 5

டிக்கெட் டீச்சர் வழியில் நிறுத்தினார். "எழுத வர்றதில்லையா?" வேலை இருக்கிறது என்றேன். எனக்கென்ன வேலை? "நான்தான் சொன்னேனே, கோழி கிளறுன மாதிரி போடுங்கன்னு" என்றார். சொன்ன பிறகு அவருக்கே முகம் வாடிவிட்டது. "நீங்க எழுதினதை அந்த நடுவர் எங்கிட்டக் காட்டினாரு. ஒரு தப்பும் இல்ல" என்றார்.

சந்தோஷப்பட வேண்டும். பட்டேன். பிறகு வெட்கமாக இருந்தது. இந்த நேரத்திலும் இது சந்தோஷப்படுகிறதே, என்ன மனசு இது.

மார்ச் 8

மகன் வந்துவிட்டான். வண்டு முதலில் என் காலுக்குப் பின்னால் நின்றாள். பிறகு அவன் பையைக் குடைய ஆரம்பித்தாள். மாலைக்குள் அவன் தோளில் ஏறிவிட்டாள். அவன் முகத்தைப் பார்த்தேன். இதைப் பறிக்க நான் யார்?

பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்கிவிட்டார்கள்.

மார்ச் 9

இடுப்புப் பட்டையும் காலணியும் ஸ்டேடியத்தைச் சேர்ந்தவை. திருப்பிக் கொடுக்க வேண்டும். எல்லாரும் போனோம். மகன் அந்த அறைக்கு வருவது இதுதான் முதல் தடவை. வாசலில் நெற்றியை இடித்துக்கொண்டான்.

மாஸ்டர் மூலையில் ஒரு கம்பிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. மருமகள் பட்டையை மேசையில் வைத்தாள். வைத்துவிட்டு, மறுபடி எடுத்தாள்.

"ஒரே ஒரு தடவ தூக்கிட்டு வந்துடறேன்" என்றாள் மகனிடம்.

"பஸ் ஆறு மணிக்கு."

"ஒரே தடவ."

கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். பிறகு எண்பத்தெட்டு. யாரும் சொல்லவில்லை, அவளே போட்டாள். மாஸ்டரின் கை எண்ணெய்த் துணியில் நின்றுவிட்டது.

தூக்கினாள். விழுந்தது. பலகை அதிர்ந்தது, வண்டு காதைப் பொத்திக்கொண்டாள். மறுபடி. மார்புக்கு வந்தது, மேலே போகவில்லை. விழுந்தது.

மகன் பெஞ்சின் நுனிக்கு வந்துவிட்டான். எழுந்து போய்க் கம்பியின் இரண்டு முனையையும் தொட்டுப் பார்த்தான். கிரேன்காரன் புத்தி. "ரெண்டு பக்கமும் ஒரே எடைதானா?"

"ஒரே எடைதான்" என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டே. "நீ தள்ளி நில்லு."

மூன்றாவது முறை மேலே போய்விட்டது. இரண்டு கையும் நிமிர்ந்தன என்றே நினைத்தேன். கூரைக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு கை இடம். பிறகு இடது முழங்கை நடுங்கியது. பின்பக்கமாகப் போட்டாள். அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டாள். பொடி பூசிய கையை முகத்தில் வைத்துக்கொண்டாள்.

மகன் குனிந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "இன்னைக்கு விடு. கை எப்படி நடுங்குது பாரு. இவ்வளவு கிட்ட வந்துட்ட. நாளைக்குத் தூக்கலாம்."

அவள் முகத்திலிருந்து கையை எடுத்தாள். கன்னமெல்லாம் வெள்ளை.

"நாளைக்கா?"

அவன் என்னைப் பார்த்தான். மாஸ்டரைப் பார்த்தான். அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது என்ன சொன்னோம் என்று. நெற்றியில் இடித்துக்கொண்ட இடத்தைத் தடவினான். ரொம்ப நேரம் தடவினான்.

"ஆமா, நாளைக்கு" என்றான் கடைசியில். "இப்ப என்ன பண்ணச் சொல்ற."

அவள் எழுந்தாள். "மாமா, வண்டு பொடியத் திங்குது, தூக்குங்க."

மாமா என்றாள். நேராக என்னிடம்.

மார்ச் 12

மகன் மட்டும் பஸ் ஏறினான். இன்னொரு போட்டி வரைக்கும் என்று பேச்சு. மாதம் ஒருமுறை வண்டுவைத் தூக்கிக்கொண்டு நான் அவனிடம் போய் நாலு நாள் இருந்துவிட்டு வர வேண்டும். "நீங்கதான்பா கூட்டிட்டு வரணும். பஸ் போர்டெல்லாம் இப்பப் படிப்பீங்கல்ல" என்றான். படிப்பேன் என்றேன்.

பாத்திரங்களைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டோம்.

செப்டம்பர் 13

நாளை போட்டி, வேறு ஊரில். இன்று மாஸ்டர் கூப்பிட்டார். ஆறு மாதமாக என்னிடம் அவர் பேசியதை ஒரு கையில் எண்ணிவிடலாம். உதவி மாஸ்டர் இப்போது ஓட்டக்காரர்கள் பக்கம் போய்விட்டார்.

"பெரியவரே, கார்டு உங்ககிட்டதான்."

சட்டைப்பையைத் தடவி, பேனா இருக்கிறதா என்று பார்த்தேன்.

"அந்த ஊரு மேசையிலயும் அதே கண்ணாடிப் பொண்ணுதான் உக்காருதாம். உங்கள நம்பும்." பிறகு முறைத்தார். "ஆனா பேர எழுதப்படாது. இழுப்பு. ஒரே இழுப்பு. எங்க, போட்டுக் காட்டுங்க."

போட்டுக் காட்டினேன். மார்ச் மாதத்திலிருந்து தினமும் பழகுகிறேன் என்று அவருக்குத் தெரியாது. அப்பாவும் இல்லை, புள்ளியும் இல்லை, நானும் இல்லை. மேலே போய்க் கீழே இறங்கும் ஒரு கோடு. மூச்சு விடுவதற்குள் முடிந்துவிடுகிறது.

மாஸ்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கோழி தோத்துப் போச்சு" என்றார்.

செப்டம்பர் 19

மருமகள் துணி மடித்துப் பையில் வைக்கிறாள். வண்டு ஒவ்வொன்றாக வெளியே எடுக்கிறாள். மகன் நாளை வருகிறான், திங்கட்கிழமை அவளை முகாமுக்கு ஏற்றிவிட. நடைவழிச் சுவரில் ஓர் ஆணி புதிதாக அடித்திருக்கிறார்கள் என்று டிக்கெட் டீச்சர் சொன்னார். படம் இன்னும் கழுவி வரவில்லை.

சற்று முன் மருமகள் ஒரு படிவத்தோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகாமில் கேட்கிறார்களாம். அவள் அங்கே இருக்கும்வரை குழந்தையை வீட்டில் யார் பார்த்துக்கொள்வார், அவர் கையெழுத்து.

பேனாவை எடுத்தேன். பழகின கை, கோட்டை இழுக்கப் போனது.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்க மணி ஒண்ணும் அடிக்காது மாமா. முழுசா எழுதுங்க."

எழுதினேன். அவள் முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.